நீர்நாய்க் காசு

"நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று பின்னால் நிற்பவரை முன்னே அனுப்பிவிட்டு, கண்ணாடிக்காரர் ரொட்டிக்கடையின் கல்லாவை எட்டிப் பார்க்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் இன்னும் பழைய சில்லறையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பாங்கியிலிருந்து வந்த புதுச் சில்லறைப் பொட்டலம் உடைபடாமல் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டு பேரை முன்னே விட்டால் அதை உடைத்தாக வேண்டும் என்பது அவர் மதிப்பு. இரண்டு பேரை விடுகிறார். மூன்றாவதாகக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வருகிறாள். அவளையும் விடுகிறார். "ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு" என்கிறாள் அவள். அவர் அதை மறுப்பதில்லை. பொட்டலத்தைக் கல்லா விளிம்பில் தட்டி உடைக்கும் சத்தம் கேட்டதும் அந்த நல்ல மனசு எங்கேயோ போய்விடுகிறது. அடுத்து வந்தவரை முழங்கையால் தடுத்துக்கொண்டு, "ஒரு பன்" என்கிறார்.

பன்னை அவர் பார்ப்பதே இல்லை. உள்ளங்கையில் விழுந்த மூன்று காசுகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். தவளை. மறுபடியும் தவளை. நத்தை. மூன்றும் அவரிடம் ஏற்கெனவே இருப்பவை. "சே" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து, பன்னை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போடுகிறார். நாய் தினமும் பத்து மணிக்கு அங்கே வந்து காத்திருக்கிறது.

ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாமவர் வாசலில் நின்றபடிதான் தன் கண் நோவைச் சொல்ல வேண்டும். தும்மினால் தொலைந்துபோகும் திருகாணிகளை இருபது வருஷமாக மாட்டி மாட்டி அவர் பார்வைக்கு ஒரு கூர்மை வந்திருக்கிறது. எதிரே வருகிறவரின் கண்ணாடி ஒரு பக்கம் அரை நூல் இறங்கியிருந்தால் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். ஆள் யார் என்பது அப்புறம்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐந்து என்று எழுதிய காசின் பின்பக்கத்தை மாற்றினார்கள். முப்பது வருஷமாக அங்கே இருந்த தூண் வைத்த கட்டடத்தை எடுத்துவிட்டு, நீரிலும் நீரோரத்திலும் வாழும் எட்டு உயிர்களைக் காசுக்கு ஒன்றாகப் போட்டார்கள். மீன்கொத்தி, ஆமை, தவளை, நத்தை, நாரை, தட்டான், கெண்டை, நீர்நாய். முக்கால்வாசிப் பேர் இதைக் கவனிக்கவே இல்லை. ஐந்து ஐந்துதானே என்று வாங்கினார்கள், கொடுத்தார்கள். கண்ணாடிக்காரருக்கு முதல் மீன்கொத்தி பஸ் டிக்கெட்டோடு மீதியாக வந்தது. அன்றைக்கு அவர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய் இறங்கினார்.

கடைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார். கண்ணாடி அறுக்கும் இயந்திரத்திலேயே வைத்து எட்டு வட்ட ஓட்டைகள் போட்டது. ஏழில் காசு இருக்கிறது. எட்டாவது ஓட்டை வழியாகச் சுவரின் பச்சை வர்ணம் தெரிகிறது. வாடிக்கையாளர்களின் கண் ஏழையும் விட்டுவிட்டு அந்தப் பச்சைக்குத்தான் போகிறது. "இது என்ன சார், காலியா இருக்கு?" என்பார்கள். "வரும்" என்பார் அவர். பதினோரு மாதமாக இதையே சொல்லிவருகிறார். நீர்நாயைத்தான் கடைசியாக அடித்தார்களாம், அதுவும் ரொம்பக் குறைவாக.

காசு வியாபாரியிடம் போனால் ஒரு நிமிஷத்தில் வாங்கிவிடலாம். அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஒரு வாடிக்கையாளர், பாவம், அன்பாக ஒரு ஆமையைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவரை நிற்க வைத்துக் கால் மணி நேரம் பேசித் திருப்பி அனுப்பினார். "கேட்டு வாங்கினா பிச்சை. விலை குடுத்து வாங்கினா அது கடைச்சரக்கு. சும்மா குடுத்தா தானம். சில்லறையோட சில்லறையா, கேக்காம, தானா வரணும் சார். அப்பத்தான் அது எனக்குன்னு வந்தது." இந்தச் சட்டத்தை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவரே போட்டுக்கொண்டது. அதனாலேயே அதை மீறவும் அவரால் முடிவதில்லை.

காசு தானாக வருவதற்கு அவர் படாத பாடு படுகிறார். வீட்டில் பதினாலு பேனா இருக்கிறது, எழுத யாருமில்லை. சீப்பு ஒன்பது, தலைமுடி அவ்வளவு இல்லை. எல்லாம் சில்லறை மீதி வருவதற்காக ஒவ்வொன்றாக வாங்கியவை. அவர் காலையில் இப்படிக் காசு தேடப் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. "காசை இந்தப் புரட்டுப் புரட்டிப் பாக்குற மனுஷன், நான் புதுக் கம்மல் போட்டதை ஒரு வாரம் கழிச்சுத்தான் பார்த்தாரு" என்று அந்தம்மாள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அப்படிச் சொல்லும்போதும் கண்ணாடிக்காரர் கம்மலைப் பார்ப்பதில்லை.

இவ்வளவுதான் என்றால் அவரை ஒரு சாதுவான பித்துக்குளி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவருக்கு ஒரு சகலை இருக்கிறார்.

மனைவியின் தங்கை புருஷன். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் வேலை. நாலு வயது இளையவர், பார்த்தால் பத்து வயது இளையவர் மாதிரி இருப்பார். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில் வீட்டுக்கு மனுப் போட்டார்கள். குலுக்கலில் சகலைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த மூலை வீடு விழுந்தது. கண்ணாடிக்காரருக்குத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்த வீடு. சகலை போய் நின்றால் பக்கத்தில் புதுக் கவுண்டர் திறப்பார்கள். சகலை கார் கொண்டுபோனால் அப்போதுதான் ஒருவர் இடத்தைக் காலி செய்துகொண்டிருப்பார். "சின்ன மாப்பிள்ளை கை ராசியான கை" என்று மாமியார் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பெரிய மாப்பிள்ளையின் கையைப் பற்றி இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

சகலை கெட்டவராக இருந்திருந்தால் கண்ணாடிக்காரருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நல்லவர். எதையும் தேடிப் போகாதவர். வந்ததை எடுத்துக்கொள்வார், பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுப்பார். "எப்படி தம்பி உங்களுக்கு மட்டும்?" என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டுவிட்டார் இவர். "நான் என்னண்ணே செஞ்சேன்? அதுவா வருது" என்றார் சகலை. இந்த ஒரு பதில் கண்ணாடிக்காரர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மூலை வீட்டில் இவர்களுக்குச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் யார் பாத்திரம் கழுவுவது என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்பது அந்த வீட்டு வழக்கம். சகலை சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துச் சுண்டினார். மச்சினி "தலை" என்றாள். காசு மேஜையில் விழுந்து, உருண்டு, கண்ணாடிக்காரரின் தட்டுக்குப் பக்கத்தில் வந்து சாய்ந்தது.

"எலி விழுந்திருக்கு. நீதான் கழுவணும்" என்றார் சகலை.

எலியா! ஈர மீசையோடு தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு கண்ணாடிக்காரரைப் பார்த்தது நீர்நாய். ஒரு சிராய்ப்பு இல்லை. விளிம்பில் கூர்மைகூடப் போகவில்லை. பதினோரு மாதம், நூற்றுக்கணக்கான பன், பதினாலு பேனா எல்லாம் அவர் தொண்டையில் வந்து நின்றன.

"எங்க கெடைச்சுது தம்பி இது?" என்று கேட்டார், குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"யாருக்குத் தெரியும்? கார் சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. ராசியான காசுண்ணே. இது வந்ததிலேர்ந்து நான் ஒரு ஸ்பூன்கூடக் கழுவல." சகலை காசை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது பொறாமைதான். அவருக்கே தெரியும், வேறு நல்ல பெயர் எதுவும் அதற்குப் பொருந்தாது. சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அந்த மனுஷன் அடுத்த நிமிஷமே "அட, இதுக்கா? இந்தாங்க" என்று எடுத்து நீட்டிவிடுவார். அப்புறம் அது தானம். அந்த எட்டாவது ஓட்டையில் ஆயுசு முழுக்கச் சகலையின் தானம் உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும். அதைவிடப் பச்சை வர்ணமே மேல்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று வரும் வழியில் மனைவி கேட்டாள்.

"சூப்புல உப்பு ஜாஸ்தி."

"நீங்க சூப்பே குடிக்கலியே."

ஆனால் கிளம்பும் முன் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். சகலையின் படிக்கிற கண்ணாடியை எடுத்துப் பார்த்து, "மூக்குல உக்கார்ற ரப்பர் ரெண்டும் பச்சை புடிச்சிருக்கு தம்பி. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கடைப் பக்கம் வாங்க, மாத்தித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். சகலை கடைக்கு வருவார். கூலி கொடுப்பார். கொடுக்கும் காசில் நீர்நாய் இருக்கும். கேட்டு வாங்கியது ஆகாது, தானமும் ஆகாது, சில்லறையோடு சில்லறையாகத் தானாக வந்தது ஆகும். திங்கட்கிழமை முழுக்க இந்த யோசனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டத்தில் எங்கேயும் ஓட்டை தெரியவில்லை.

கூலி எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். நூறு என்றால் ஒற்றை நோட்டில் முடிந்துவிடும். நூற்றைந்து என்றால் நோட்டோடு ஓர் ஐந்தும் வேண்டும். அந்த ஐந்து சட்டைப் பையில் இருக்கிறது. சகலை எதற்கும் போனில் பணம் கட்டுகிற ஆள் என்பதால், கல்லா மேல் இருந்த ஸ்கேன் அட்டையை எடுத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் பத்து மணிக்குப் பன் வாங்கப் போனார். இரண்டு கெண்டையும் ஒரு தட்டானும் வந்தன. திரும்பி வந்தால், பதினோரு மணிக்கு வரச்சொன்ன சகலை பத்தரைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடிக்காரரின் மனைவி வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார். "மீட்டிங் ஒண்ணு கேன்சல் ஆயிடுச்சுண்ணே, அதுவா" என்றார்.

கண்ணாடிக்காரர் வேலையை ஆரம்பித்தார். இரண்டு திருகாணியைக் கழற்றி, இரண்டு ரப்பரை மாற்றி, திரும்பத் திருகாணி போட வேண்டும். மூன்று நிமிஷ வேலை. அன்றைக்குப் பத்து நிமிஷம் ஆனது, ஏனென்றால் கண் திருகாணியில் இல்லை. சகலையின் சட்டைப் பை மெல்லிய துணி. உள்ளே வட்டமாக ஒன்று தெரிந்தது.

"நூத்தி அஞ்சு ஆச்சு தம்பி."

மனைவி கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். உறவுக்காரர்களிடம் அந்தக் கடையில் இதுவரை கூலி வாங்கியதில்லை. அதுவும் கூடப்பிறந்தவள் புருஷனிடம், இரண்டு ரப்பர் பொட்டுக்கு, நூற்றைந்து! "என்னங்க இது?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தொழில்னா தொழில்தான் அக்கா, விடுங்க" என்று சிரித்தார் சகலை. போனை எடுத்தார்.

"அது வேலை செய்யல" என்றார் கண்ணாடிக்காரர், அவசரமாக.

சகலை போனை வைத்துவிட்டு மணிபர்சைத் திறந்து ஒரு நூறை எடுத்தார். இன்னொரு கை சட்டைப் பைக்குப் போனது. இரண்டு விரல் உள்ளே போயின. காசு பாதி வெளியே வந்தது. மீசை தெரிந்தது.

"அய்யோ, இது ராசிக் காசு" என்று சகலை அதை உள்ளேயே விட்டுவிட்டார். "இருங்க, இருநூறாவே தர்றேன். மீதி குடுங்க."

இருநூறு கல்லா மேல் வந்து விழுந்தது. மீதி தொண்ணூற்றைந்து. கண்ணாடிக்காரர் கல்லாவைத் திறந்தார். ஓர் ஐம்பது, இரண்டு இருபது. நோட்டுகளை எடுத்த கை சில்லறைக் கிண்ணத்தில் துழாவி ஓர் ஐந்தை எடுத்தது. கண் அந்தச் சட்டைப் பையை விட்டு நகரவே இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு காசைப் புரட்டிப் பார்க்காமல் அடுத்தவர் கையில் வைத்தார்.

சகலை நோட்டுகளை மடித்தார். காசைப் போடப் போனவர் நின்றார்.

"அட! இங்க பாருங்கண்ணே, இதுவும் எலி!"

சட்டைப் பையிலிருந்து முதலாவதையும் எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு நீர்நாய்கள். இரண்டுக்கும் ஈர மீசை.

"இது... இது எப்படி நம்ம கல்லாவுல..."

"காலைல அந்த டீச்சரம்மா கண்ணாடிக் கயிறு ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க குடுத்ததா இருக்கும்" என்றாள் மனைவி. அவளுக்கு நூற்றைந்தின் கோபம் இன்னும் தீரவில்லை. "நீங்க அப்பத்தான் பன் வாங்கப் போனீங்க."

அதாவது, வந்திருக்கிறது. கேட்காமல், விலை கொடுக்காமல், சில்லறையோடு சில்லறையாக, அவர் சொந்தக் கல்லாவுக்கு, அவர் போட்ட சட்டத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் தானாக வந்திருக்கிறது. அவர் அந்த நேரத்தில் ரொட்டிக்கடையில் நல்ல மனசோடு நின்றுகொண்டிருந்தார். அப்புறம் தன் கையாலேயே அதை எடுத்து, உலகத்தில் யாரிடம் போகக்கூடாதோ அவரிடமே கொடுத்துவிட்டார். அதற்கு முன்னால் நூற்றைந்து வேறு கேட்டிருக்கிறார். காது மடல் இரண்டும் கொதித்தன. மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. சகலை சிரிக்கும் சிரிப்பில் துளி கபடம் இருந்திருந்தாலும் அவரைத் திட்டியாவது ஆறியிருக்கலாம். அதுவும் இல்லை.

சகலையின் கண் அப்போதுதான் சுவரில் இருந்த பலகைக்குப் போனது. எத்தனையோ தடவை இந்தக் கடைக்கு வந்தவர், முதல் தடவையாக அதைப் பார்த்தார். ஏழு காசையும் விரலால் எண்ணினார். எட்டாவது ஓட்டையில் விரல் நின்றது.

"அண்ணே, உங்ககிட்ட இந்த எலி மட்டும் இல்ல போலிருக்கே! முன்னாடியே சொல்லக் கூடாதா? எனக்கு எதுக்கு ரெண்டு? இந்தாங்க, ஒண்ணு வச்சுக்கங்க."

"குடுக்கறாரில்ல, வாங்கிக்கங்களேன்" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆமையைக் கொண்டுவந்தவரிடம் பேசிய அதே குரலை எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார். "வேணாம் தம்பி. சும்மா குடுத்தா அது தானம். நான் அப்படி எடுத்துக்கறதில்ல. தானா வரணும். அதான் இதுல இருக்கிற விஷயமே."

"அதுவும் சரிதான்" என்றார் சகலை, மரியாதையாக. பெரியவர் ஒன்றைச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்கிற சுபாவம் அவருக்கு. எல்லாமே தானாக வந்து சேருகிற ஆட்கள் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், கையைப் பார்க்க அவர்களுக்கு என்ன அவசியம்? இரண்டு காசையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதுக் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகும் கண்ணாடிக்காரரின் வலது கை கல்லா மேல் மல்லாந்து, ஐந்து விரலும் விரிந்தபடி கிடந்தது. வாய் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தபோதே கை அப்படித் திறந்துகொண்டது, அவருக்குத் தெரியவில்லை. வாசலில் இவ்வளவு நேரமும் காத்து நின்ற வாடிக்கைக்கார அம்மாள் ஒருத்தி உள்ளே வந்தாள். நீட்டியிருந்த கையைப் பார்த்தாள், ஒரு கால் உடைந்த தன் மூக்குக்கண்ணாடியை அதில் வைத்தாள்.